இருபத்துநாலு அங்குலம்

சிவபாதத்தாருக்குப் போட் ஓடத் தெரியாது. நீந்தவும் தெரியாது. மீன் பிடிப்பதென்றால், மனைவி மங்கையற்கரசி அக்கா பொரித்து வைத்ததைப் பிடித்து வாயில் போடுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிசன் தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், விட்பி என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் பதினேழு அடிப் போட் ஒன்றை ட்ரெய்லரோடு வாங்கினார். கூட்டாளி மகேஸ்வரன் ஏரிக்கரையில் ஒரு வீட்டைக் கோடைக்கு எடுத்துவிட்டான் என்பதுதான் காரணம். வேறு ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

போட்டைப் பார்த்து எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வெக்ஸ்போர்டில் ஒரு ரயர் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறவன். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. “அன்புராசா, உது உங்கட ஆக்களுக்குத்தானே தெரியும்” என்று ஜீப்பில் ஏறும்போதே சொன்னார். குருநகர்க் கடற்கரையில் மீன்பிடிச் சாதியில் பிறந்தவனுக்கு அந்த ‘உங்கட ஆக்கள்’ விளங்காமல் இருக்காது. விளங்கியது. விழுங்கிக்கொண்டேன்.

விழுங்கியது என் தங்கச்சி பேர்ணடெற்றுக்காக. அவளும் சிவபாதத்தாரின் ஒரே மகன் பிரவீனனும் மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. நேர்சிங் ஹோம் ஒன்றில் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டுகிற வேலை. பிரவீனன் பொறுமையான பெடியன். குரல் உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. களவாகக் கல்யாண எழுத்து வைப்போம் என்று நானே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். பேர்ணடெற் மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வீட்டுக்குள் போனால் முன்வாசலால்தான் போவாளாம். சிவபாதத்தார் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ‘பாப்பம்’ என்றார். அந்த ஒரு ‘பாப்பம்’ஐ நம்பி இரண்டு வருடம் அவர் வீட்டு வாசலில் ஸ்னோ அள்ளினேன், அவர் வாகனங்களுக்கு ரயர் மாற்றினேன், அவருடைய நிலக்கீழ் அறைக்குப் பெயின்ற் அடித்தேன். இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது, என் மேலேயே.

மில்லிக்கனில் இருந்த அவர் வீட்டில் எனக்குத் தேத்தண்ணி பேப்பர் கப்பில்தான் வரும். மற்றவர்களுக்குப் பீங்கான். கப் கழுவுகிற வேலை மிச்சம் என்று மங்கையற்கரசி அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவா. பிரவீனன் ஒருதரம் தன் கோப்பையை எனக்குத் தந்துவிட்டு என் பேப்பர் கப்பைத் தான் எடுத்துக் குடித்தான். 

விட்பிக் கிழவர் நல்ல மனிதர். சிவபாதத்தாரை விட்டுவிட்டு என்னைத்தான் பக்கத்தில் கூப்பிட்டு விளக்கினார். ட்ரெய்லருக்குப் பதின்மூன்று அங்குலச் சின்ன ரயர், ட்ரெய்லருக்கென்றே செய்தது, பக்கச் சுவர் தடித்தது. ட்ரெய்லரைச் சமதரையில் மட்டமாக நிறுத்தினால் அதன் மூக்கு நிலத்திலிருந்து பதினாறு அங்குலம் நிற்கும். ஆகவே அந்த மூக்கைக் கொழுவுகிற, ஜீப்பின் பின்னால் இருக்கிற இரும்புப் பந்தும் பதினாறு அங்குலத்தில் நிற்கவேண்டும். ஜீப் உயரம் கூடினது என்பதால் பந்தைத் தாங்க நாலு அங்குலம் கீழே வளைந்த இரும்புச் சட்டம் ஒன்றையும் கிழவர் சும்மா தந்தார். பத்து வருடம் இப்படித்தான் ஓடினேன், ஒன்றையும் மாற்றாதே என்றார். எனக்கு அது புதுக் கதை இல்லை. வள்ளத்தில் பின்னுக்குப் பாரம் கூடி முன்பக்கத்து அணியம் தூக்கினால் என்ன நடக்கும் என்று எட்டு வயதிலேயே தெரிந்தவன் நான். வள்ளம் சொல் கேட்காது. ட்ரெய்லரும் அப்படித்தான். மூக்குத் தூக்கி நின்றால் பாரமெல்லாம் பின்னுக்குப் போய்விடும், வேகம் பிடித்ததும் வாலை ஆட்டத் தொடங்கும், பிறகு இழுக்கிற வாகனத்தையே சுழற்றும்.

எல்லாம் சரியாகத்தான் பூட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிவபாதத்தார் ரெலிபோன் எடுத்தார். போட்டை முதல்தரம் தண்ணியில் விடப்போகிறார்களாம், போட் ஒருமாதிரி நிற்கிறதாம், கெதியாக வரட்டாம். பேர்ணடெற்றுக்கு அன்று லீவு. போட் விட்டு வந்து பின்னேரம் எங்களைப் பார்க்கப் பிரவீனன் வருவதாகச் சொல்லியிருந்தான் என்று குளித்துவிட்டுச் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அப்பாவிடம் நேராகக் கேட்டுவிட்டுத்தான் வருவானாம். நான் ஸ்பானர் ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், அட விசர் மனிசா என்று வாய்க்குள் வந்துவிட்டது. எனக்குச் சொல்லாமல் ட்ரெய்லரின் சின்ன ரயர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, பதினைந்து அங்குலக் கார் ரயர் இரண்டைப் பளபளக்கிற றிம்மோடு பூட்டி வைத்திருந்தார். ஐந்து போல்ட்டும் பொருந்தியதாம். பொருந்தாமல் விட்டிருந்தால் எவ்வளவு நல்லது. கார் ரயருக்குப் பக்கச் சுவர் மெல்லிசு, இந்தப் பாரத்துக்கு நெளியும். அதைவிட, ரயர் பெருத்ததால் ட்ரெய்லர் இரண்டரை அங்குலம் உயர்ந்துவிட்டது. பந்து பழைய உயரத்திலேயே நின்றது. அதனால் போட்டின் மூக்குக் கொஞ்சம் கீழே பார்த்தது.

கொஞ்சம்தான். ஆனால் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மகேஸ்வரன் கையில் கோப்பையோடு போட்டைச் சுற்றி வந்து, “என்ன அண்ணை, உங்கட போட் எனக்குக் கும்பிடு போடுது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிவபாதத்தாரின் முகம் கறுத்துப் போயிற்று.

நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். பழைய ரயரைப் போடுவதுதான் நல்லது, அது இல்லையென்றால் கடையில் இரண்டு அங்குலம் மட்டும் வளைந்த சட்டம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்து பூட்டினால் மட்டமாக நிற்கும், ஒரு மணித்தியாலம் பொறுங்கோ என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டே கால். சனிக்கிழமை ஒன்பதுக்கு இராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னம் வெளிக்கிடாவிட்டால் பத்தரை மட்டும் நிற்கவேணும் என்றார். பிறகு குனிந்து அந்த வளைந்த சட்டத்தைக் காட்டி, இதைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டு, பந்து மேலே வரும்தானே என்றார்.

வரும். நாலு அங்குலம் கீழே இருந்தது நாலு அங்குலம் மேலே போகும். மொத்தம் எட்டு. நான் வேண்டாம் என்றேன். ஒருதரம் இல்லை, மூன்று தரம் சொன்னேன். போட்டின் பின்பக்கத்தில் எஞ்சின், பெற்றோல் தாங்கி, அதோடு ஐஸ் பெட்டி மூன்று, இறைச்சிக் கறிச் சட்டி எல்லாம் ஏற்றியிருந்ததைக் காட்டினேன். மூக்கைத் தூக்கினால் பிழையாகப் போகும் என்றேன்.

“நீ கடலுக்க வள்ளம் தள்ளின ஆள். றோட்டு எனக்குத் தெரியும். என்ர போட் ஒருத்தனுக்கு முன்னாலயும் தலை குனிஞ்சு நிக்காது.”

நான் அசையாமல் நின்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார். அவ்வளவு பேருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“என்ன பாக்கிறாய்? சம்பந்தி எண்ட நினைப்போ? வள்ளத்துக்கு ஒரு ஆள் வேணும் எண்டு உன்னைக் கூப்பிட்டனான். கிழடுகளின்ர சூத்துக் கழுவுறவளை என்ர வீட்டுக்க எடுக்க எனக்கென்ன விசரே? பெடியனுக்குப் பொம்பிளை பாத்து முடிச்சாச்சு. ஆவணியில எழுத்து. நீ பூட்டு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மகேஸ்வரன்கூட வேறு பக்கம் பார்த்தான். மங்கையற்கரசி அக்கா தட்டத்தோடு உள்ளே போய்விட்டா. பிரவீனன் அங்கே இல்லை, மற்ற வாகனத்துக்குப் பெற்றோல் அடிக்கப் போயிருந்தான். இரண்டு வருடம் அள்ளிய ஸ்னோ முழுக்க என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. பேர்ணடெற் அங்கே சட்டை மினுக்கிக்கொண்டு நிற்கிறாள். இந்த மனிசன் ஆவணிக்கு நாள் வைத்துவிட்டு அவளுடைய அண்ணனைக் கொண்டு பெயின்ற் அடிப்பித்திருக்கிறார்.

“சரி அண்ணை. நீங்கள் சொன்னபடி” என்றேன்.

பிரவீனன் திரும்பி வந்து உள்ளே போனதும் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, நிலத்தில் படுத்துச் சட்டத்தைக் கழற்றினேன், திருப்பினேன், பூட்டினேன்.  ஒவ்வொரு போல்ட்டையும் கடையில் இறுக்குவதை விட நன்றாக இறுக்கினேன், கழன்றது என்று என்னை ஒருவரும் சொல்லக்கூடாது. வேலை முடிந்ததும் பழக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். நிலத்திலிருந்து பந்து இருபத்துநாலு அங்குலம். ட்ரெய்லரைக் கொழுவியதும் போட் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிவபாதத்தார் இடுப்பில் கை வைத்துப் பார்த்து, இப்பதான் போட் மாதிரி இருக்கு என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நல்ல சந்தோசம். நானூற்று நாலாம் நெடுஞ்சாலையில் இந்த மனிசன் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு மூத்திரம் போவதை மனக்கண்ணால் பார்த்தேன். அவர்தான் ஓடுவதாக இருந்தது. புது ஜீப்பை அவர் ஒருவரிடமும் கொடுக்கிற ஆள் இல்லை.

ஜீப்புக்கு நாலு, ட்ரெய்லருக்கு இரண்டு என்று ஆறு தேசிக்காய், எலுமிச்சைதான், ரயர்களுக்குக் கீழே வைத்தார்கள். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வான் வண்டியோடு வரவேண்டிய அவருடைய மச்சான்காரர் இன்னும் வந்து சேரவில்லை, சனம் எல்லாம் வெளிக்கிட்டு முடியவில்லை. சிவபாதத்தார் அந்தரப்பட்டார். பிறகு ஜீப்பின் திறப்பைத் தூக்கி மகனிடம் கொடுத்தார். வாகனம் ஒன்பதுக்கு முன்னம் படலையைத் தாண்டினால் போதும், நீ எடுத்துக்கொண்டு போ, நாங்கள் பின்னால் வாறோம் என்றார்.

பிரவீனன் திறப்பை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் தோளில் கை வைத்து, பின்னேரம் வீட்டுக்கு வாறன் அண்ணை, அவவிட்டச் சொல்லுங்கோ என்றான். ஏறி இருந்து பெல்ற் போட்டான்.

நான் ஜீப்பின் கண்ணாடிப் பக்கம் போனேன். “பிரவீனன், உதில...” என்று தொடங்கினேன். சிவபாதத்தார் பின்னால் நின்று கத்தினார். “வெளிக்கிடுற நேரம் என்ன கதை? பின்னால கூப்பிட்டு மறிக்காதை. மூதேவி.”

மூதேவி என்ற அந்தச் சொல்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்றால், எனக்கு நேரம் இருந்தது. ஜீப் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, மூலையில் சிவப்பு விளக்குக்கு நின்றது. நான் ஓடிப் போயிருக்கலாம். ஒரு வசனம் போதும், மெதுவாகப் போ என்று. போகவில்லை. பெடியன் நிதானமாக ஓடுகிறவன், பயந்துபோய்த் திரும்பி வருவான், அப்பனுக்கு வெட்கக்கேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்குப் பச்சையானது.

வெக்ஸ்போர்டில் எங்கள் அப்பார்ட்மென்றுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பேர்ணடெற் கேட்டாள், என்ன முகம் இப்படி என்று. எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பந்தி என்ற கதை, கிழடுகள் என்ற கதை, ஆவணி எழுத்து. ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் அழவில்லை, இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று நினைத்தேனாக்கும், அந்த மனிசனுக்கு நான் செய்துவிட்டு வந்ததையும் சொன்னேன். பந்தை எட்டு அங்குலம் தூக்கி இருபத்துநாலில் கட்டியிருக்கிறேன், நெடுஞ்சாலையில் ஏறினதும் வாலை ஆட்டும், அப்போது தெரியும் அவருக்குக் கடற்கரை ஆக்கள் யார் என்று. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கை நின்றது. “ஆர் ஓடிக்கொண்டு போனது?”

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

“அண்ணா. ஆர் ஓடிக்கொண்டு போனது?”

சொன்னேன். அவள் ரெலிபோனிடம் ஓடினாள். யாருக்கு எடுப்பது? ஜீப்பில் ரெலிபோன் இல்லை. மில்லிக்கன் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை, எல்லாரும் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அவள் திரும்பத் திரும்ப அந்த நம்பரையே அடித்தாள். ஒருதரம்கூட என்னைப் பார்க்கவில்லை. பதினொன்றே காலுக்கு அதே ரெலிபோன் அடித்தது. மகேஸ்வரன்தான். பெடியன் எங்களைக் கேட்கிறான், ஆஸ்பத்திரிக்கு வாங்கோ என்றான்.

நெடுஞ்சாலைக்கு ஏற முதல் பெடியன் காத்து நின்றதால் பின்னால் போன வான் வண்டி அவனைப் பிடித்துவிட்டது, அதில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு இறக்கத்தில் போட் முதலில் மெல்ல ஆடியதாம். பிரவீனன் பிறேக் பிடித்திருக்கிறான், பிடிக்கக்கூடாது, அது அவனுக்கு எப்படித் தெரியும். போட் பக்கவாட்டில் வந்து ஜீப்பைத் தூக்கி எறிந்தது. ஜீப் மூன்று தரம் புரண்டது. முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். வராது என்றும் சொன்னார்.

பொலீஸ் வந்து பந்துச் சட்டத்தைப் பூட்டியது யார் என்று கேட்டபோது சிவபாதத்தார் தானே பூட்டியதாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. நான் வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியும் கேட்காமல் தானே செய்வித்தது, ஆகவே தன் கைதான் செய்தது என்று அந்த மனிசன் உண்மையாகவே நம்பினார். ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னனி தம்பி, நீ சொன்னனி என்று அழுதார். நான் கையை இழுக்கவில்லை. அழட்டும் என்று நின்றேன். பேர்ணடெற் எதிரே வாங்குப் பலகையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி எழுத்து நடக்கவில்லை. பெண் வீட்டார் ஒரு கார்ட் அனுப்பிவிட்டு விலகிவிட்டார்கள். ஐப்பசியில் பிரவீனன் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவபாதத்தாரும் மங்கையற்கரசி அக்காவும் எங்கள் அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டினார்கள். அந்த வாசலை அவர்கள் மிதித்தது அதுதான் முதல்தரம். தட்டத்தில் பழம், வெற்றிலை, ஒரு கூறைப் பெட்டி. சிவபாதத்தார் சோபாவின் நுனியில் இருந்தார். மனிசன் பாதியாகப் போயிருந்தார். எழுத்தை எப்போது வைப்போம் என்று கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “பிள்ளைக்கு உந்த வேலை பழக்கம்தானே” என்றார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. கிழடுகளின்ர என்று இவர் தொடங்கிய வசனம் என் காதில் அப்படியே இருந்தது. எழும்புங்கோ, உங்கட தட்டத்தையும் தூக்கிக்கொண்டு போங்கோ என்றேன். நேர்சுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் கூறை கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

பேர்ணடெற் அறைக்குள் இருந்து வந்து என்னைத் தாண்டிப் போய் அந்தத் தட்டத்தை வாங்கினாள்.

“நான் செய்யிறன் மாமி. என்ர ஆளுக்கு நான் செய்வன்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல” என்றாள்.

கார்த்திகையில் மில்லிக்கன் வீட்டில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுத்து வைத்தார்கள். நான் இரண்டு வருடமாக எதற்காக அந்த வீட்டு ஸ்னோவை அள்ளினேனோ அது நடந்தது. என் கையால்தான் நடந்தது. முன்வாசலால்தான் உள்ளே போனாள், ஆனால் அவள் புருசன் அந்த முன்வாசலால் வெளியே வர முடியாது. படி இருந்தது. சக்கரக் கதிரையை இரண்டு பேர் தூக்கி இறக்கவேண்டும்.

அதற்குத்தான் அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். பலகையால் ஒரு சறுக்குப் பாதை அடிக்கவேண்டும். மங்கையற்கரசி அக்கா தேத்தண்ணியைப் பீங்கான் கோப்பையில், கீழே தட்டோடு கொண்டுவந்து வைத்தா. அது ஆறிப்போயிற்று. சிவபாதத்தார் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் எல்லாம் நீயே சொல்லு தம்பி, நான் ஒன்றும் கதைக்கமாட்டேன் என்றார். போட் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சீமெந்தில் தேசிக்காய்ச் சாறு பட்ட இடங்கள் வெளிறிப்போய் இன்னும் தெரிந்தன.

முழந்தாளிட்டு அளவு நாடாவை நிலத்திலிருந்து வாசற்படிக்குப் பிடித்தேன். பார்த்தேன். திரும்பவும் பிடித்துப் பார்த்தேன். கதவு திறந்தது. பேர்ணடெற் கையுறையோடு நின்றாள், உள்ளே அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள்.

“எவ்வளவு?” என்றாள்.

“இருபத்துநாலு.”

சிவபாதத்தாருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை, அவர் தலையை ஆட்டினார். அவளுக்குச் சொன்னது. போட் போன அன்று காலை நானே சிரித்துச் சிரித்து அவளுக்குச் சொன்ன கணக்குத்தானே. உள்ளே இருந்து பிரவீனன், யார் அண்ணையோ, உள்ளுக்கு வரச் சொல்லும் என்று கூப்பிட்டான். அண்டைக்கு எனக்குச் சொல்ல வந்த ஆள் அவர் ஒருத்தர்தான் என்று அவன் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லுகிறானாம்.

“ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி. இருபத்துநாலு அடி வேணும். குறைஞ்சால் கதிரை ஓடும்” என்றாள் பேர்ணடெற். நேர்சிங் ஹோமில் படித்தது. பிறகு, மாமனாருக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தணித்தாள்.

“இந்த முறை பிழை ஏதும் தெரிஞ்சால் பூட்ட முதல் வாயைத் திறந்து சொல்லுங்கோ.”

குளிக்க வைத்த தண்ணி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பலகையை அளந்து வெட்டத் தொடங்கினேன்.